குருவின் மோதிரக் கல்

"கோளாறு என் கண்ணில் இல்லை ஐயா. உங்கள் மோதிரத்தில் இருக்கிறது."

தையல்நாயகி இப்படிச் சொன்னதும் கூடமே வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

வைரத்துக்குத் தரம் சொல்லும் கூடம் அது. குரு ஏகாம்பரத்தின் மோதிரக் கல்தான் அங்கே அளவுகோல். அவருடைய குரு கொடுத்தது. வருகிற நகையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நிறம் ஒத்துப்போனால் முதல் தரம்.

தினமும் காலையில் சீடர்கள் அந்த மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையில் உட்காருவார்கள். பன்னிரண்டு வருடமாக அவளும் ஒற்றியவள்தான்.

"நீ முதல் தரம் என்று எழுதிக் கொடுத்த தோட்டை, மஞ்சள் கல் என்று மாப்பிள்ளை வீட்டார் திருப்பிவிட்டார்கள். பெண் அழுகிறாள். பழி என் மோதிரத்துக்கா?"

"திரும்பி வந்த கல்லைக் கழற்றிப் பார்த்தேன் ஐயா. மஞ்சள்தான். ஆனால் உங்கள் கல்லும் அதுவும் ஒரே நிறம்."

"கண் மங்கிவிட்டது என்று ஒத்துக்கொள். வேறு வேலை தருகிறேன்."

"மாட்டேன். கல்லின் முகத்து மினுக்கை நம்பாதே, கழற்றிக் குப்புறப் போட்டுப் பார் என்று சொன்னது யார்?"

"நான்தான்."

"இதை என்றைக்காவது குப்புறப் போட்டீர்களா?"

"என் குரு கையால் தந்தது, தெரியுமில்லையா?"

"தெரியும். கழற்றுங்கள்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! நீட்டிய கையை மடக்கவே இல்லை. கல் வெள்ளையாக இருந்துவிட்டால் அன்றோடு அவள் பிழைப்பு போச்சு. அது அவளுக்கும் தெரியும்.

குரு மோதிரத்தை உருவி அவள் கையில் போட்டார்.

ஊசியால் தங்கத்தை நெம்பிக் கல்லை எடுத்தாள். வெள்ளைத் தாளில் குப்புற வைத்தாள்.

மஞ்சள். பச்சைப்பிள்ளைக்கும் தெரிகிற மஞ்சள். இத்தனை காலமும் அதைத் தங்கத்தின் சாயல் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

குரு குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எத்தனை பேருக்குத் தப்பாகத் தரம் எழுதி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

பிறகு சொன்னார். "இதை மோதிரத்தில் திரும்பக் கட்டிக் கொடு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "இவ்வளவு பார்த்த பிறகுமா ஐயா?"

"குப்புறக் கட்டு. கல்லின் அடிக் கூர்முனை மேலே இருக்கட்டும்."

"காலையில் கண்ணில் ஒற்றினால் குத்துமே!"

"குத்தட்டும்" என்றார் குரு.