குழியில் விழுந்த குட்டியின் படம்

மூங்கில் அடர்ந்த ஒரு மலைக்காட்டில் வேடர்கள் ஆண்டுதோறும் குழி வெட்டுவார்கள். மேலே சருகு பரப்பி மூடிவிடுவார்கள். அந்தக் குழிகளைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்து மரத்தில் மூன்று துளைகள் கொத்தி வைப்பது மரங்கொத்தியின் வேலை. ஒரு துளை என்றால் தண்ணீர். இரண்டு என்றால் நல்ல வழி. மூன்று என்றால் குழி. அந்தக் காட்டின் எழுத்து அவ்வளவுதான். தாய் விலங்குகள் குட்டிகளை மரத்தடிக்கு அழைத்துப்போய்ப் படித்துக் காட்டும்.

ஒருநாள் நீர்த்துறை ஆலமரத்தில் நரி ஒரு படத்தை மாட்டியது. குழிக்குள் ஒரு குட்டி அண்ணாந்து பார்க்கிறது. அதன் கன்னத்தில் ஒரு கண்ணீர்த் துளி. வேப்பம் பிசினால் செய்த துளி அது. வெயில் பட்டதும் மின்னியது.

தண்ணீர் குடிக்க வந்த முள்ளம்பன்றி குடிக்காமல் நின்றுவிட்டது. அதற்கு ஒரே குட்டி.

"பார்த்தாயா தாயே?" என்றது நரி, குரலைத் தாழ்த்தி. "இந்தக் குட்டியின் அம்மாவுக்கும் பாசம் இருந்தது. ஏடு வாங்கிக் கொடுக்கத்தான் அவளுக்கு நேரமில்லை."

"என்ன ஏடு, நரியண்ணா?"

நரி ஓர் ஓலைக்கட்டை எடுத்துக் காட்டியது. "காட்டின் எழுத்தெல்லாம் இதில் இருக்கிறது. ஒரு பகல் என் வளையைத் தோண்டு, ஒரு கட்டு தருகிறேன். பிள்ளை உனக்கு அவ்வளவு பெரிதில்லை என்றால் வேண்டாம்."

முள்ளம்பன்றி அன்றே தோண்டியது.

கிளையிலிருந்து மரங்கொத்தி கத்தியது: "ஏனம்மா, நான் அலகு தேயக் கொத்தி வைத்திருப்பது உன் கண்ணில் படவில்லையா? நான் யாரிடமும் கூலி கேட்கவில்லையே!"

"நீ வாயைத் திறந்தால் வசவுதான். நரியண்ணன் பேசினால் பெற்ற வயிறு கலங்குகிறது."

"கலங்கட்டும். அப்புறம் குட்டிக்கு யார் சொல்லித் தருவது?"

"அதற்குத்தானே ஏடு வாங்கினேன்!"

மாலையில் குட்டி கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. "அம்மா, இதைப் படித்துக் காட்டு."

"நாளைக்குக் கண்ணே. தோண்டித் தோண்டிக் கை விட்டுப்போயிற்று."

மறுவாரம் ஆலமரத்தில் வேறு படம் இருந்தது. கண்ணீர்த் துளி இன்னும் பெரிது. "ஒரே கட்டோடு நிறுத்திவிட்ட தாயின் பிள்ளை" என்றது நரி. முள்ளம்பன்றி மறுபடியும் தோண்டப் போனது. அதற்கடுத்த வாரமும் போனது. மூன்று கட்டுகளையும் தலைக்கு வைத்துக்கொண்டு குட்டி தூங்கியது. ஒரு கட்டின் முடிச்சும் அவிழவில்லை.

ஒரு நண்பகல், காத்திருந்து சலித்த குட்டி ஒரு கட்டை வாயில் கவ்விக்கொண்டு அம்மாவைத் தேடிப் புறப்பட்டது.

"நில்! மரத்தைப் பார்!" என்று மேலேயிருந்து அலறியது மரங்கொத்தி.

குட்டி பார்த்தது. மூன்று துளைகள். எறும்பு வீடாக இருக்கும் என்று நினைத்தது. 'இது எப்போதும் இப்படித்தான் கத்தும் என்று அம்மா சொல்லியிருக்கிறாளே' என்று இன்னும் ஓரடி வைத்தது.

சருகு உள்வாங்கியது.

அலறல் கேட்டு முள்ளம்பன்றி ஓடிவந்தது. பின்னாலேயே நரியும் வந்தது. குழிக்குள் குட்டி அண்ணாந்து பார்த்தது, படத்தில் இருந்தது போலவே.

"நரியண்ணா, இறங்கித் தூக்கிவிடு! உன்னால் தாவ முடியுமே!"

நரி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. "கொஞ்சம் பொறு. அந்த முகத்தை அப்படியே வைத்திருக்கச் சொல். என்ன பார்வை! இந்த மாதிரி எனக்கு வரைய வந்ததே இல்லை."

முள்ளம்பன்றி நரியைப் பார்த்தது. அதன் முட்கள் அத்தனையும் விறைத்து நின்றன. நரி எழுந்து தள்ளிப் போய்விட்டது.

"வேடர்களின் நாய்கள் ஓடையைத் தாண்டிவிட்டன!" என்று மேலேயிருந்து மரங்கொத்தியின் குரல் வந்தது. "அழாதே! சரிவாகத் தோண்டு!"

நரியின் வளையைத் தோண்டிய அதே நகங்கள் குழியின் சுவரைத் தோண்டின. மண் சரிந்தது. குட்டி ஏறியது, வழுக்கியது.

"பாறையைத் தாண்டிவிட்டன!"

நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. குட்டி மறுபடியும் ஏறியது. தாய் அதன் காதைக் கவ்வி இழுத்துப் புதருக்குள் தள்ளியபோது, நாய்கள் குழியின் மறுகரையில் நின்று குரைத்தன. குழிக்குள் ஏட்டுக்கட்டு மட்டும் கிடந்தது.

மறுநாள் முள்ளம்பன்றி எங்கும் தோண்டப் போகவில்லை. குட்டியோடு மரத்தடி மரத்தடியாக உட்கார்ந்தது. மூன்று நாளில் குட்டி எல்லாவற்றையும் படித்தது.

நான்காம் நாள் நீர்த்துறையில் ஒரே கூட்டம். மானும் முயலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வளை தோண்ட வரிசையில் நின்றன. ஆலமரத்தில் புதுப்படம். குழிக்குள் முள்ளம்பன்றிக் குட்டி. இரண்டு கன்னத்திலும் பிசின் மின்னியது.

குட்டி அதை வெகுநேரம் பார்த்தது.

"நரி மாமா, இது நான்தான். ஆனால் நான் அழவேயில்லையே! குழிக்குப் பக்கத்தில் மூன்று துளை போட்ட மரம் இருந்ததே, அதை ஏன் வரையவில்லை?"



வரிசையில் நின்ற தாய்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி, தங்களைச் சுற்றி நின்ற மரங்களைப் பார்த்தன.

நீதி: பிள்ளையின் பெயரைச் சொல்லி உன்னை அழவைப்பவன் தன் சரக்கை விற்கிறான், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நீ படிக்கும் நேரத்தை எவனாலும் விற்க முடியாது.