யாளி வாயில் உருண்ட கல்

ஒரு மலைக்காட்டில் பொன்னலகி என்று ஒரு மைனா இருந்தாள். மைனா என்றாலே வாயாடி என்பார்கள். பொன்னலகியோ நாலு பேர் கூடியிருக்கும் கிளையில் உட்காரவே கூசுவாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையைக் குனிந்துகொண்டு "ம்" என்பாள். அத்தோடு சரி.

அவளுக்குக் கீச்சி என்று ஒரு மகள். அந்த வருஷத்துக் குஞ்சு. அம்மா பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் இவளே பேசித் தீர்ப்பாள்.

அவர்கள் வீடு வேங்கை மரத்தில் ஒரு பொந்து. அந்த மரத்துக்கு ஒரு சாரைப்பாம்பு வந்து பழகிவிட்டது. கீச்சியோடு கூடப் பிறக்க வேண்டிய முட்டைகளை அதுதான் விழுங்கியது. மூலையில் உருண்டு கிடந்த ஒரு முட்டை தப்பியது. அந்த முட்டைதான் கீச்சி. அதற்குப் பிறகு பொன்னலகி மறுபடி முட்டையிட்டாள். சாரையும் மறுபடி வந்தது. கடித்து, ருசி பார்த்துத் தின்னும் வழக்கம் அதற்குக் கிடையாது. வாயைத் திறக்கும், லபக்கென்று விழுங்கும், அடுத்ததைத் தேடும்.

இப்போது பொன்னலகியின் வயிற்றில் திரும்பவும் முட்டை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் பறிகொடுத்தால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

பக்கத்துக் கிளையில் மரங்கொத்தி செங்கொண்டையன் இருந்தான். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்லுவான்.

"தங்கச்சி, உன் வாசலைப் பெரிசாக்கு. பாம்பு தலை தெரிஞ்சதும் சட்டுன்னு பறந்துடலாம். என் வீட்டைப் பாரு, எப்படி வச்சிருக்கேன்!"

'நான் பறந்துடுவேன். முட்டை பறக்குமா?' என்று பொன்னலகி நினைத்தாள். வெளியே "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று காலையில் கீச்சி நச்சரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, கல்லு மிருகம் பாக்கப் போலாம்மா."

மலைச்சரிவில் ஓர் ஒற்றையடிப் பாதை. எப்போதோ சிற்பிகள் வந்து, வழிநெடுகப் பாறைகளைச் செதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். காட்டில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே இருக்கும் யாளி விழுங்கிவிடும் என்று எல்லோருக்கும் பயம். சாரைக்குக்கூடப் பயம்தான்.

"வேணாம்டி. யாளி இருக்கு."

"யாளி முழிச்சா நான் கத்துறேன். நீ பறந்துடு."

பொன்னலகிக்கு மறுக்கத் தெம்பில்லை. வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவதற்கு இது தேவலை என்று கிளம்பினாள்.

முதலில் ஒரு கல் யானை. கீச்சி அதன் காதில் உட்கார்ந்து ரகசியம் சொன்னாள். அடுத்தது முகம் செதுக்காமல் விட்ட ஒரு பெண் சிலை. அவள் உள்ளங்கையில் பனித்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இருவரும் குடித்தார்கள். யானை துரத்தவில்லை. பெண் விரட்டவில்லை. பொன்னலகியின் பயம் கொஞ்சம் குறைந்தது.

பாதை முடிகிற இடத்தில் யாளி நின்றது. சிங்க முகம், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். பொன்னலகி பின்வாங்குவதற்குள் கீச்சி அதன் வாய்க்குள் நுழைந்துவிட்டாள்!

"அம்மா, உள்ளே பந்து இருக்கு! கல்லுப் பந்து, உருளுது!"

கீச்சி பந்தை உருட்டினாள். பல் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தள்ளிப் பார்த்தாள், முட்டிப் பார்த்தாள். ம்ஹும்.

"வாசல் சின்னது, பந்து பெருசு. இது எப்படிம்மா உள்ளே போச்சு?"

"தெரியலைடி."

கீச்சி தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. குட்டியா இருக்கும்போது உள்ளே போயிருக்கும். உள்ளேயே உக்காந்து தின்னு தின்னு குண்டாயிடுச்சு. இப்ப வெளியே வர முடியலை. பாவம்."

பொன்னலகி சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது பாதியில் நின்றது.

"என்ன சொன்னே? திரும்பச் சொல்லு."

"தின்னு தின்னு குண்டாயிடுச்சு. வெளியே வர முடியலை."

சிற்பி யாளியின் வாய்க்குள்ளேயே குடைந்து செதுக்கிய பந்து அது. பொன்னலகிக்கு அது தெரியாது. தெரியாததும் நல்லதாகப் போயிற்று. அவள் யாளியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வாடி, வேலை இருக்கு" என்றாள்.

ஓடையிலிருந்து முட்டை போலவே உருண்டையான கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து பொந்துக்குள் போட்டாள். பழைய கூட்டுப் புல்லில் அவற்றைப் புரட்டினாள். தன் வாடை ஏறட்டும் என்று மேலே உட்கார்ந்து சூடேற்றினாள்.

செங்கொண்டையன் எட்டிப் பார்த்தான்.

"அடடா, மைனா கல்லை அடைகாக்குறாளே! தங்கச்சி, குஞ்சு பொரிச்சா எனக்கும் ஒரு அம்மிக்கல்லு குடு."

கிளையெல்லாம் சிரித்தது. பொன்னலகிக்கு முகம் சுருங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

மரத்தடியில் சாரை உரித்துப் போட்ட சட்டை கிடந்தது. அதைக் கொண்டுவந்தாள். ஓடைக் களிமண்ணில் மரப்பிசினைக் குழைத்து, பொந்தின் வாசலை வெளியிலிருந்து பூசி அடைத்தாள். அந்தச் சட்டை நுழைகிற அளவுக்கு மட்டும் துவாரம் விட்டாள். வெயிலில் மண் காய்ந்து பாறையாக இறுகியது.

தன் நிஜ முட்டைகளை அவள் வேறிடத்தில் இட்டாள். யாளியின் வாயில், கல்பந்துக்குப் பின்னால், மெத்தென்று புல் பரப்பி.

ஒரு மத்தியானம் சாரை வந்தது.

"ஓகோ, வாசலைச் சுருக்கிட்டியா? என் உடம்புக்கு இது போதும்டி, அசடு!"

வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இருட்டு. மைனா வாடை. வெயில் சூட்டில் உருண்டையாகக் கதகதப்பு. வேறென்ன வேண்டும்? லபக், லபக் என்று எல்லாவற்றையும் விழுங்கியது. தலையை வெளியே நீட்டிக் கிளம்பப் பார்த்தது.

தலை வந்தது. கழுத்து வந்தது. வயிறு வரவில்லை. திரும்ப உள்ளே போகலாம் என்றால் செதில்கள் துவாரத்தில் குத்திக்கொண்டு நின்றன. முன்னே போகக் கல் விடவில்லை. பின்னே போகச் செதில் விடவில்லை. கக்கிவிடலாம் என்றால், இறுகிய துவாரத்தைத் தாண்டிக் கல் வரவில்லை.

காடே திரண்டு வந்தது. செங்கொண்டையன் அலகைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"தள்ளுங்க! நான் ஒரே கொத்து கொத்துறேன்."

"கொத்தாதீங்க அண்ணே."

யார் குரல் என்று எல்லோரும் திரும்பினார்கள். பொன்னலகி நடுக்கிளையில், அத்தனை பேர் கண்ணெதிரே, தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பொன்னலகி, நீ நல்லவ. மண்ணைக் கொஞ்சம் உடைச்சு விடும்மா. வயிறு கனக்குது" என்று சாரை கெஞ்சியது.

"உடைப்பேன். என் பிள்ளைங்க பறந்த பிறகு உடைப்பேன். அதுவரைக்கும் இங்கேயே இரு. உனக்குத்தான் பசி தாங்குமே."

கீச்சி துவாரத்துக்கு எதிரே குதித்துக் குதித்துப் பார்த்தாள்.

"அம்மா, இது நாம செஞ்ச சிலையா?"

"ஆமாண்டி, நீயும் நானும் செஞ்சது."

அந்தச் சிலையைப் பார்க்க அணில் வந்தது, முயல் வந்தது, பக்கத்து மலைக் குயில்கூட வந்தது. பார்த்த கையோடு பாதையில் இறங்கிப்போய், பயமில்லாமல் யாளியையும் பார்த்தார்கள். அதன் வாயிலிருந்து குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

குஞ்சுகள் பறந்த அன்றைக்கே பொன்னலகி சொன்ன சொல் தவறாமல் மண்ணைக் கொத்தி உடைத்தாள். சாரை தரையில் விழுந்து, கற்களை ஒவ்வொன்றாகக் கக்கிவிட்டு ஊர்ந்தது. அதன் பிறகு உருண்டையாக எதைப் பார்த்தாலும் 'கல்லோ?' என்று ஒதுங்கிப் போனது. காட்டில் ஒரு முட்டையும் அதன் வாய்க்குப் போகவில்லை.

செங்கொண்டையன் மட்டும் ஒருநாள் தனியாக வந்து, தொண்டையைச் செருமினான்.

"தங்கச்சி, அந்த வாசல் பூச்சு... எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

"ம்" என்றாள் பொன்னலகி. "முதல்ல ஓடைக்குப் போகணும் அண்ணே, வாங்க."

பிள்ளையின் விடை பிழையாக இருந்தாலும் காது கொடுத்துக் கேள். கல்லுக்குள்ளும் உனக்கொரு வழி திறக்கும்.