கஸ்பார் மாற்றாத கூடு

1987ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான்காம் நாள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். விடிந்ததிலிருந்து காற்று அசையவில்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. கடற்கரை மணல் எட்டு மணிக்கே சுட்டது.

அந்தச் சுடுமணலில் துறவி நண்டுகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

துறவி நண்டின் வயிறு மெத்தென்றிருக்கும். அதைக் காக்கச் சொந்த ஓடு கிடையாது. ஆகவே, இறந்துபோன சங்கின் கூட்டுக்குள் புகுந்து, அதைச் சுமந்தே திரியும். உடல் வளர வளரக் கூட்டை மாற்றியாக வேண்டும். பெரிய கூடு ஒன்று கரையொதுங்கினால், நண்டுகள் பெரியது முன்னும் சிறியது பின்னுமாக, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். முதல் நண்டு புதுக் கூட்டுக்குள் போகும். அது விட்ட கூட்டுக்குள் இரண்டாம் நண்டு போகும். இப்படியே கடைசி நண்டுவரை ஒரே மூச்சில் மாறிவிடும்.

முதல் நண்டு மாறினால்தான்!

முதலில் நின்றவர் கஸ்பார். மாலைச் செபத்தை முன்னின்று நடத்துபவர். மனமாற்றத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் சிப்பியும் வாய் திறந்து கேட்கும். வரிவரியாக மினுங்கும் அவருடைய கூடு, வளர்ந்த உடலுக்கு எப்போதோ இறுக்கமாகிவிட்டது. ஒரு கால் மரத்தே போயிருந்தது. ஆபத்து வந்தால் உள்ளே ஒடுங்கவும் அவரால் முடியாது.

அவருக்குப் பின்னால் நின்றவள் மெற்றில்டா. அவளுடைய கூடும் சிறுத்துவிட்டது. பாதி உடல் வெயிலில் கிடந்தது.

"அண்ணாச்சி, போங்கள்! புதுக் கூடு கண்ணெதிரே கிடக்கிறது!"

"போகிறேன், தங்கச்சி. மாற்றம் என்ன விளையாட்டா? ஆயத்தம் வேண்டாமா?"

"நேற்றும் ஆயத்தந்தான் செய்தீர்கள்!"

"நேற்று தவக்காலம் தொடங்கவில்லையே!"

"இன்று தொடங்கிவிட்டதே!"

"தொடங்கிய அன்றே மாறிவிட்டால், மிச்சத் தவக்காலத்தில் நான் என்ன செய்வது?"

மெற்றில்டாவுக்குத் தலையை மணலில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அது பணிவாகக் குனிந்து சொன்னது:

"ஐயா சொல்வதே சரி! எதற்கு அவசரம்? உயிர்ப்புத் திருநாளன்று, எல்லாரும் பார்க்க மாறினால் எவ்வளவு சிறப்பாக இருக்கும்!"

"கேட்டாயா, மெற்றில்டா? காக்கைக்கு இருக்கும் பொறுமைகூட உனக்கு இல்லை!"

"அது பொறுமை இல்லை, அண்ணாச்சி, பசி!"

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "முன்னே என்ன நடக்கிறது?"

"பிரசங்கம் நடக்கிறது!" என்றாள் மெற்றில்டா. பின்வரிசை முழுவதும் பெருமூச்சு விட்டது.

நண்பகல் ஆயிற்று. அலை ஏறிவந்து புதுக் கூட்டைத் தொட்டது. கூடு ஒருமுறை புரண்டது. இன்னும் இரண்டு அலை வந்தால் கடலுக்குள் போய்விடும்.

"அண்ணாச்சி! கூடு போகப் போகிறது! உங்களால் நாங்கள் அத்தனை பேரும் சாகிறோம்! உங்களுக்கு வெட்கமாக இல்லையா?"

கஸ்பாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலையிலிருந்து என் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னையே திட்டுகிறாய்! நீ மாறிவிட்டாயா? கூடு அதோ கிடக்கிறது. உன்னை யார் தடுத்தது?"

மெற்றில்டா புதுக் கூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

உண்மையில் அவளை யாரும் தடுக்கவில்லை. கூடு அவளுக்கு மிகப் பெரியது. முறைப்படி அவளுடைய இடம் இரண்டாவது. ஆனால், காலையிலிருந்து அவள் செய்தது என்ன? கஸ்பாரின் சாக்குகளை ஒன்றுவிடாமல் கண்டித்தாள். கண்டித்தபடியே அவளும் பழைய கூட்டில்தான் இருந்தாள்!

"ஆண்டவரே, இது எனக்கு ஏன் தோன்றாமற்போயிற்று!" என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

உடனே பிடியை விட்டாள். பழைய கூட்டிலிருந்து உடலை உருவினாள். மூடாத வயிற்றுடன் சுடுமணலில் ஓடினாள். காக்கை தலையைத் திருப்புவதற்குள் புதுக் கூட்டுக்குள் புகுந்துவிட்டாள்.

கூடு தொளதொளவென்றிருந்தது. உள்ளே இன்னொரு மெற்றில்டாவுக்கும் இடம் இருந்தது. ஆனாலும், முழு உடலும் உள்ளே ஒடுங்கியது. அவள் கூட்டை இழுத்துக்கொண்டு அலைக்கு எட்டாத மேட்டில் ஏறினாள்.

"அடி பாவி! அது என்னுடையது!" என்று கஸ்பார் கத்தினார்.

"உங்களுடையதுதான், அண்ணாச்சி. இப்போதே வருவதானால் இறங்கித் தருகிறேன். வாருங்கள்!"

"இப்போதேவா?" கஸ்பார் வெயிலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். "இன்று நீயே வைத்திரு. நாளைக் காலை, வெயிலுக்குமுன் வாங்கிக்கொள்கிறேன்."

"அண்ணாச்சி, கெஞ்சிக் கேட்கிறேன்! இன்று வாருங்கள்!"

"நாளை என்றால் நாளைதான்! நான் சொன்ன சொல் தவறியதுண்டா?"

காக்கை வள்ளத்திலிருந்து இறங்கியது.

நண்டுகள் முடிந்தமட்டும் கூடுகளுக்குள் ஒடுங்கின. கஸ்பார் ஒடுங்கப் பார்த்தார், முடியவில்லை. "மாறுகிறேன்! இப்போதே மாறுகிறேன்!" என்று அலறினார். மெற்றில்டா தன் கூட்டிலிருந்து பாய்ந்து வெளியேறி, "இதோ, காலியாகிவிட்டது! வாருங்கள்!" என்று கூவினாள். கஸ்பார் தம் முழுப் பலத்தோடும் உடலை இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். இத்தனை காலமாக நெருக்கிப் பழகிய கூடு அவரை விடவில்லை.

"ஐயா, நேரமாகிவிட்டது," என்றது காக்கை.

மெற்றில்டா கூட்டுக்குள் திரும்பியபோது, வரிசையின் முதலிடத்தில் யாரும் இல்லை.

மெற்றில்டா விட்ட கூட்டில் மூன்றாம் நண்டு புகுந்தது. அது விட்டதில் நான்காவது புகுந்தது. அன்று மாலைக்குள் மிச்சமிருந்த எல்லாரும் மாறிவிட்டார்கள். செபம் நடத்த ஆளில்லாததால், ஆளுக்கொரு வரியாகச் சொல்லி முடித்தார்கள். மெற்றில்டாவின் கூடு பல வாரங்கள் தொளதொளவென்று ஆடியது. அவள் வளர்ந்தபின் ஆட்டம் நின்றது. கஸ்பாரின் வரிக்கூட்டையோ காக்கை அன்றே பாறையில் போட்டு உடைத்திருந்தது.

நாளை மனந்திரும்புவேன் என்பவரும், அவர் திரும்பவில்லையே என்று கடிந்துகொண்டு தாம் திரும்பாமல் இருப்பவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆண்டவரிடம் திரும்புவதற்கு நம் கையில் இருக்கும் நாள் இன்று ஒன்றே.