ஆள்காட்டி வாயை மூடியிருந்த ரெண்டு நாள்

ஏன், காட்டுல சர்வர் இருக்கக் கூடாதா? உங்கப்பா ஆபீஸ்ல ஏசி போட்ட ரூம்லதான் இருக்கணும்னு யாரு சட்டம் போட்டா? கரையான் புத்துக்குள்ள கையை விட்டுப் பாத்திருக்கியா நீ? விட்டுடாதே, பாம்பு கிடக்கும். ஆனா உள்ள அவ்வளவு குளுகுளுன்னு இருக்கும். எல்லாரும் சொன்னதை ஞாபகம் வெச்சுக்கிட்டு, கேட்டா பதில் சொல்ற அந்தக் காட்டோட சர்வர் அப்படி ஒரு புத்துக்குள்ளதான் இருந்துச்சு. குறுக்க பேசாம கேளு.

குட்டி போட்டது, முட்டை இட்டது எல்லாம் அததோட இடத்தை அந்தப் புத்துல சொல்லி வெச்சிருந்துச்சுங்க. எதுக்குன்னா, யானைக் கூட்டத்துக்காக. அவ்வளவு பெரிய உடம்பு, கால் வைக்கிற இடத்துல என்ன கிடக்குன்னு எப்படித் தெரியும்? அதனால ஒரு பக்கம் நடக்குறதுக்கு முன்னாடி, யானைப் பெரியம்மா ஒரு எறும்புகிட்ட கேள்வியைச் சொல்லி அனுப்பும். எறும்பு புத்துக்குள்ள போகும். "அங்க மயில் அடைகாக்குது, சுத்திப் போ"ன்னு பதிலை வாங்கிக்கிட்டு வெளிய வரும்.

குரங்குங்களும் கேக்கும், எந்த மரத்துல பழம் பழுத்திருக்குன்னு. கரடி ஒண்ணு இருந்துச்சு, தேன் எங்கன்னு கேட்டு அனுப்பும், பதில் வர்றதுக்குள்ள தூங்கிடும், எந்திரிச்சு மறுபடியும் அதையே கேக்கும். ஒரு நாள் பதில் கொண்டுவந்த எறும்பு கோவத்துல அதோட மூக்குக்குள்ளயே ஏறி... சரி விடு, அது தனிக் கதை.

திடீர்னு ஒரு வாரம் முட்டைங்க காணாமப் போக ஆரம்பிச்சுது. முதல்ல மயிலோடது. அப்புறம் கௌதாரியோடது. அங்க இங்க தேடுன தடமே இல்ல. இடம் தெரிஞ்சு, நேரா வந்து, நேரா எடுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

"புத்துலேர்ந்து யாரோ நம்ம இடத்தையெல்லாம் தெரிஞ்சுக்கிறாங்க," யானைப் பெரியம்மா சொல்லுச்சு. "எறும்பு வர்றதையும் போறதையும் கவனிக்க ஒரு ஆள் போடணும்."

எல்லாரும் ஆள்காட்டிக் குருவியைத் திரும்பிப் பாத்தாங்க. அந்தத் தொண்டைக்கு அந்தக் காட்டுல போட்டியே கிடையாது.

ஆள்காட்டிக்கு அவளோட முட்டை ஞாபகம் வந்துச்சு. மொட்டைப் பாறையில, வெறும் கூழாங்கல்லுக்கு நடுவுல அவ நாலு முட்டை இட்டிருந்தா. கூடு கீடு ஒண்ணும் கிடையாது. முட்டையும் கல்லும் ஒரே நிறங்கிறதுதான் காவல். இடம் அவளுக்குத் தெரியும், அவ புருஷனுக்குத் தெரியும், அந்தப் புத்துக்குத் தெரியும்.

புருஷனை அடைகாக்க உக்கார வெச்சுட்டு, புத்து வாசல்ல போய் நின்னா. ஒரு எறும்பு உள்ள போச்சு.

"யாரு? யாரு? யாரு?"ன்னு கத்துனா.

அடுத்த எறும்பு. அதுக்கும் கத்துனா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே கத்து. முதல் கத்துக்குக் காடே ஓடி வந்துச்சு. பத்தாவதுக்கு மான் மட்டும் எட்டிப் பாத்துச்சு. நூறாவதுக்குக் குரங்கு அத்திக்காயால அடிச்சுது.

மறுநாளும் அப்படித்தான். அன்னிக்கு மத்தியானம் காடையோட முட்டை போச்சு.

"நான்தான் கத்திக்கிட்டே இருந்தேனே!"ன்னா ஆள்காட்டி.

"அதனாலதான்டி போச்சு," காடை அழுதுச்சு. "நீ சும்மா இருந்திருந்தா நானாவது காதைத் தீட்டிக்கிட்டு இருந்திருப்பேன். உன் கத்தலுக்குக் காதைப் பொத்திக்கிட்டுப் படுத்துட்டேன்."

ஆள்காட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு பாறைக்கு வந்தா. புருஷன் கேட்டான்: "ரெண்டு நாளா கத்துனியே, என்னதான் பாத்த?"

"எறும்பைப் பாத்தேன்."

"எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சு?"

வெளிய வர்ற எறும்பை அவ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்ததில்ல.

அடுத்த நாள் புத்து வாசலுக்குப் போனா, ஆனா வாயைத் திறக்கல. இடது பக்கம் ஒரு கல் குவியல், வலது பக்கம் ஒண்ணு. பத்து எறும்பு உள்ள போனா இடப்பக்கம் ஒரு கல். பத்து எறும்பு வெளிய வந்தா வலப்பக்கம் ஒரு கல். விடியக்காலையில யானையோட எறும்புங்க ஆத்துப் பக்கத்துலேர்ந்து வரும், பதிலோட ஆத்துப் பக்கமே போகும். சாயங்காலம் குரங்கோடது. கரடியோடது மட்டும் எப்பவும். ஆனா உச்சி வெயில்ல கரடியும் சேத்து காடே கண்ணசந்து கிடக்கும், எறும்பே இருக்காது. அன்னிக்கு முடிவுல ரெண்டு குவியலும் சரிசமமா இருந்துச்சு. ஒரு கேள்வி போனா ஒரு பதில்.

உடும்பு மெதுவா அந்த வழியா வந்துச்சு. எப்பவும் தேன் ஒழுகப் பேசுற ஆளு.

"என்ன ஆள்காட்டியக்கா, சத்தத்தையே காணோம்? தொண்டை கட்டிக்கிச்சா?"

அவ ஆமான்னு தலையை ஆட்டுனா.

"பாவம்! வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கக்கா. இந்த வெயில்ல யாரு வரப்போறா?"

அடுத்த நாள் உச்சி வெயில். ஒரே ஒரு எறும்பு வந்து, "யானை அனுப்புச்சு"ன்னு சொல்லிட்டு உள்ள போச்சு. இந்த நேரத்துல யானையா? ஆள்காட்டி கண்ணை எடுக்காம பாத்தா. கொஞ்ச நேரத்துல வெளிய ஒரு எறும்பு வந்துச்சு. பின்னாடி இன்னொண்ணு. அப்புறம் உள்ளயே இருந்த எறும்புங்க பத்து, நூறு, வரிசை நிக்கவே இல்ல. வலப்பக்கக் குவியல் அவ முட்டி உசரத்துக்கு ஏறிடுச்சு. இடப்பக்கம் புதுசா ஒரு கல்லுக்குக்கூட கணக்கு வரல. வரிசை ஆத்துப் பக்கமும் போகல, பாறை இடுக்குப் பக்கம் போச்சு.

ஒவ்வொண்ணும் ஒவ்வொரு முட்டையோட இடத்தை முணுமுணுத்துக்கிட்டுப் போச்சு. குனிஞ்சு ஒரு எறும்பு சொல்றதைக் கேட்டா.

"மொட்டைப் பாறை, கூழாங்கல்லுக்கு நடுவுல, நாலு."

அது அவளோட முட்டை! பறந்து போய் முட்டைமேல விழணும்னு இறக்கை துடிச்சுது. ஆனா தனியா போய் என்ன பண்ண? நின்ன இடத்துலேர்ந்தே கத்துனா. ஒரே ஒரு தடவை.

ரெண்டு நாள் சத்தம் போடாதவ கத்துனா எப்படி இருக்கும்? தூங்கிக்கிட்டிருந்த காடு அப்படியே எந்திரிச்சு ஓடி வந்துச்சு.

"வரிசை போற பக்கம் போங்க! அங்கேர்ந்து மொட்டைப் பாறைக்கு!"

அந்தப் பாறை இடுக்கு உடும்போட வீடு, ஆனா உள்ள உடும்பு இல்ல. அதுக்குள்ள பாதி வழி போயிடுச்சு. பாறைமேல ஆள்காட்டியோட புருஷன் ரெண்டு இறக்கையையும் விரிச்சு முட்டையை மறைச்சுக்கிட்டு நின்னான். உடும்பு நாக்கை நீட்டிக்கிட்டு நாலடி தூரத்துக்கு வந்துடுச்சு. அந்த நாலடிக்கு நடுவுல தொம்னு ஒரு கால் வந்து இறங்குச்சு.

"யானை அனுப்புச்சுன்னு சொல்லி அனுப்புனது நீதானா?" யானைப் பெரியம்மா குனிஞ்சு கேட்டுச்சு. "இதோ யானையே வந்துட்டேன். என்ன கேக்கணுமோ கேளு."

உடும்பு வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடுனது, அந்தக் காட்டுப் பக்கமே திரும்பல.

ஆள்காட்டி ஒவ்வொரு முட்டையா மூக்கால தொட்டுப் பாத்தா. நாலும் சூடா இருந்துச்சு.

நீதி: வழக்கமா நடக்குறதை முதல்ல அமைதியா கவனிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவங்க கண்ணுலதான் வழக்கமில்லாதது படும்.

ஏ மரகதம், அடுப்படியில என்ன பண்ற, வாசல்ல தண்ணி கேன் வந்திருக்கு பாரு, வெயில்ல கிடக்கு, உள்ள எடுத்துட்டு வா!