மாசானம் பிடித்த ரோமச் சிலந்தி

மலையடிவாரத்தில் ஜெசிந்தா டீச்சர் நடத்தும் சிலந்திக் கூடத்தில் பாடம் கேட்க வருகிறவர்களில் மாசானம்தான் மூத்தவர். டீச்சரைவிடவே மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சிலந்திப் பித்துப் பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான், விடவே இல்லை.

கூடத்து அலமாரி நிறைய பாட்டில்கள். எல்லாவற்றிலும் ஸ்பிரிட்டில் ஊறிய சிலந்திகள். எந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாலும் மாசானம் டக்கென்று பேர் சொல்லுவார். ஆனாலும் மனுஷனுக்கு ஒரு குறை. இதுவரை யாரும் பார்க்காத சிலந்தியைக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவர் பேரையே டீச்சர் அதற்கு வைத்துவிடுவார். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிலந்தி கிடைத்துவிட்டது. மாசானம் பேரில் மட்டும் ஒன்றும் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் அவர் ஓட்டமாய் ஓடி வந்தார். ஒரு கால் செருப்பைக் காணோம்.

"டீச்சர்! டீச்சர்! மாட்டிக்கிச்சு!"

"யாரு?"

"சிலந்தி டீச்சர்! ஓடைக்கரையில, தரையில ஓடிட்டிருந்துச்சு. முதுகு பூரா ரோமம்! கரடி மாதிரி! நம்ம அலமாரியில இப்படி ஒண்ணு கிடையவே கிடையாது!"

கையிலிருந்த டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தார். டீச்சர் குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. மாசானம் அதையெல்லாம் எங்கே கவனித்தார்!

"இது என்ன டீச்சர்? புதுசுதானே? சொல்லுங்க!"

"என்ன செய்யப் போறீங்க?"

"புதுசுன்னா பாட்டில்லதானே போடணும்? நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்." ஸ்பிரிட் பாட்டிலின் மூடியை அதற்குள் திறந்துவிட்டார். "என் பேரை வச்சிருவீங்கல்ல?"

"வைக்கலாம். ரோமம் எந்தப் பக்கம் படிஞ்சிருக்குன்னு பார்க்கணுமே. பிரஷ்ஷால ஒரு தடவு தடவிட்டு அப்புறம் போடுங்க."

மாசானம் தடவினார்.

ரோமம் ஓடியது.

"ஐயையோ!"

கடுகைவிடச் சின்னதாய், எட்டெட்டுக் காலோடு, முதுகிலிருந்து கொத்துக் கொத்தாய் இறங்கின. பிரஷ்ஷில் ஏறி, விரலில் ஏறி, முழங்கை வரைக்கும் போய்விட்டன. டப்பாவில் மிச்சம் இருந்தது ஒரு பழுப்புச் சிலந்தி. அலமாரியில் அவர் எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

"ஓநாய்ச் சிலந்தி," என்றார் மாசானம். "சாதா ஓநாய்ச் சிலந்தி. பிள்ளைகளைச் சுமந்துட்டுப் போயிருக்கு. அலமாரியில இருக்கிறதுக்கு முதுகுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்?"

"ஸ்பிரிட்டுல போட்டப்புறம் பிள்ளைங்க எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும்?"

மாசானத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இடது கையில் திறந்த பாட்டில். வலது கை முழுக்கப் பிள்ளைகள். கீழே தாய்ச்சிலந்தி முன்கால்களைத் தூக்கி அவர் விரல் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"அப்போ என் பேரு போச்சா? கையை உதறிரவா டீச்சர்?"

"உதறாதீங்க சார். இது என்னன்னு என்கிட்ட கேட்டீங்க. இப்போ அந்தத் தாய் உங்களைத் தொட்டுக் கேக்குது, நீங்க என்னன்னு. அசையாம இருந்து பதில் சொல்லுங்க."