இரவல் கூடும் வளைந்த வாசலும்

அந்தக் காலத்தில் நண்டுக்கும் வாய் இருந்தது, தென்னைக்கும் வாய் இருந்தது. கடலோ வாயை மூடியதே இல்லை. ஆனால் கொண்டல்துறை என்ற கடற்கரைப் பட்டணத்தில் ஒரே ஒரு வாய்க்குத்தான் மதிப்பு. அது பட்டணத் தலைவர் சடையனாரின் வாய்.

அந்த வாய் போட்ட சட்டம் இது: "கடல் வழியாக வந்த எதுவும் வீட்டில் ஏறக் கூடாது. முன்னோர் கட்டியபடிதான் கட்ட வேண்டும்." அதனால் பட்டணம் முழுக்க ஒரே அச்சில் வீடுகள். மண் சுவர், தென்னங்கீற்றுக் கூரை, கடலுக்கு முதுகைக் காட்டும் குட்டை வாசல். ஐப்பசியில் மழை வரும், சுவர் கரையும், கூரை பறக்கும். தை பிறந்ததும் அதே இடத்தில் அதே மண்ணைக் குழைத்து அதே சுவரை எழுப்புவார்கள். எழுப்பி முடித்து, "நம் முன்னோர் எவ்வளவு கெட்டிக்காரர்கள்!" என்று மெச்சிக்கொள்வார்கள்.

இதைக் கேட்டாலே உலகம்மைக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மழையில் அவள் படுத்திருந்த பக்கத்துச் சுவர்தான் சரிந்தது. கணவன் இசக்கி காலைப் பிடித்து இழுத்திராவிட்டால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும். இப்போது அவளுக்கு நிறைமாதம். பிள்ளையும் மழையும் சேர்ந்தே வரப்போகின்றன.

"இந்த மண்ணுக்குள்ள நான் பிள்ளை பெற மாட்டேன்," என்றாள்.

"பின்ன எங்க பெறுவே? வள்ளத்திலயா?" என்றான் இசக்கி.

"வீட்டுலதான். ஆனா நிக்கிற வீட்டுல!"

கரையில் கற்கள் மலையாகக் கிடந்தன. சரக்கில்லாமல் வரும் கப்பல்கள் ஆடாமல் இருக்க அடியில் கல் நிரப்பி வரும். இங்கே உப்பும் கருவாடும் ஏற்றும்போது அந்தக் கல்லைக் கரையில் கொட்டிவிட்டுப் போகும். எந்தெந்த ஊர்க் கல்லோ! கறுப்பு, சிவப்பு, தேன் நிறம். யாரும் தொடுவதில்லை. உலகம்மை தொட்டாள். இசக்கி சுமந்தான். அலையோரம் கிளிஞ்சலும் சங்குக்கூடும் பொறுக்கி வந்து, சுட்டுச் சுண்ணாம்பாக்கினாள். அப்படிப் பொறுக்கப் போன ஒரு நாள், முளைவிட்ட தேங்காய் ஒன்று அலையில் உருண்டு உருண்டு கரையேறியதையும் பார்த்தாள். பார்த்ததை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

வாசலில்தான் சிக்கினாள். மேலே போடப் பலகை இல்லை. தண்ணீர் கேட்டு வந்த மேற்குத் தேசத்துக் கப்பல்காரன் ஒருவன், அவள் மண்டையைச் சொறிவதைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அவள் மொழி தெரியாது. இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் ஒட்டவைத்து, வில் போல வளைத்துக் காட்டினான். இந்தக் கல் அந்தக் கல்லின்மேல் சாயும், அந்தக் கல் இதன்மேல் சாயும், இரண்டும் விழாது! உலகம்மை துள்ளியே விட்டாள். வயிற்றுக்குள் பிள்ளையும் ஓர் உதை விட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் வளைந்த வாசல் எழுந்துவிட்டது. கடலைப் பார்த்தபடி, நிமிர்ந்து நுழையும் உயரத்தில்!

அதை முதலில் பார்த்தது காவல் நண்டு. அப்போதெல்லாம் அதற்குத் தலை முதல் வால் வரை சொந்த ஓடு. "என் வீடு என் முதுகோடு பிறந்தது, யாரிடமும் இரந்ததில்லை" என்று கொடுக்கை ஆட்டிப் பீற்றிக்கொள்ளும். கடலிலிருந்து என்ன கரையேறுகிறது என்று பார்த்துத் தலைவரிடம் சொல்வதுதான் அதன் வேலை. சொன்னது. நன்றாக உப்பும் புளியும் சேர்த்தே சொன்னது.

மறுநாள் காலை ஊரே கடப்பாரையோடு வந்து நின்றது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"ஏளா, இந்தக் கல்லு எங்கேருந்து வந்தது?" என்றார் சடையனார்.

"கப்பல்ல வந்தது அய்யா."

"பேத்து எடுங்கல. சுண்ணாம்பு?"

"கடல்ல வந்த கிளிஞ்சல்."

"சுரண்டுங்கல. இந்தக் கோணல் வாசல்?"

"கோணல் இல்ல, வளைவு! கப்பல்காரர் கையால சொல்லித் தந்தது."

"வெக்கமா இல்லையா? ஒண்ணாவது உன்னோடதா?"

உலகம்மை வயிற்றைப் பிடித்தபடி வாசலை மறித்து நின்றாள். "நல்லா இடிங்க. மழை வருது, பிள்ளை வருது, நீங்க கடப்பாரையோட வாரீங்க, ரொம்பப் பொருத்தம்! ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான அய்யா? உங்க வீட்டு உத்தரம் எதுல செஞ்சது?"

"தென்னையில."

"கூரை?"

"தென்னங்கீத்து."

"கட்டின கயிறு?"

"தேங்காய் நார். எல்லாம் நம்ம மண்ணுல மொளைச்சது ளா!"

"மொளைச்சது இங்க. வந்தது எங்கேருந்து?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சடையனாரின் முகம் சிவந்தது. "இது ஒரு கேள்வியா? எங்க வீட்டு முத்தத்துல நிக்காளே மூத்தவ, அவகிட்டயே கேட்டுரு!"

எல்லோரும் எதிர்வரிசையில் இருந்த அவர் வீட்டு முற்றத்துப் பக்கம் திரும்பினார்கள். பட்டணத்திலேயே வயதான தென்னை அது. ஊரின் மற்ற தென்னைகள் எல்லாம் அதன் பிள்ளைகள், பேத்திகள். அது ஓலையைக் கோதியது. இருமியது. வானத்தைப் பார்த்தது.

"சொல்லு தாயே," என்றாள் உலகம்மை. "உன் மாதிரி ஒருத்தி அலையில உருண்டு வந்ததை நான் கண்ணால பார்த்தேன்."

"யாராவது கேப்பாங்கன்னுதான் இத்தனை காலமும் நின்னுட்டிருக்கேன்," என்றது தென்னை மெல்ல. "மிதந்துதான் வந்தேன் சடையா. உன் பூட்டனுக்கும் பூட்டன் என்னை அலையிலேருந்து எடுத்து ஊணினான். அப்ப அவன் மரத்தடியில படுத்துக் கிடந்தான். கூரைன்னா என்னன்னே தெரியாது அவனுக்கு."

கடப்பாரைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. சடையனார் தன் வீட்டைப் பார்த்தார். சட்டப்படி பார்த்தால் உத்தரம் போகும், கூரை போகும், கயிறு போகும். மிஞ்சுவது ஒரு குவியல் மண். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நண்டுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்படின்னா தென்னையையும் வெட்டுங்க! எல்லாத்தையும் இடிங்க! இந்த ஊர்ல இரவல் வாங்காதவன் நான் ஒருத்தன்தான்!" என்று கத்தியது.

"யார்ல அது?" என்றது கடல்.

ஊரே நடுங்கியது. கடல் எழுந்து கரையேறி வந்தது. "உன் ஓட்டுல இருக்க சுண்ணாம்பு யாருது? என் தண்ணியில கரைஞ்சு கிடந்ததை அள்ளித்தானல பூசிக்கிட்டே? இரவல் வாங்கினதை மறந்துட்டேல்லா? குடுல!" ஒரே அலை. நண்டு உருண்டது. அலை திரும்பியபோது இடுப்புக்குக் கீழே ஓடு இல்லை. கனிந்த பழம் போல மெத்தென்ற உடம்போடு நண்டு மணலில் கிடந்தது. மேலே காக்கைகள் வட்டமிடத் தொடங்கின.

தன் வீட்டை இடிக்க ஆள் கூட்டி வந்த நண்டை உலகம்மை ஒரு கணம் முறைத்தாள். பிறகு சுண்ணாம்புக்கென்று குவித்திருந்த குவியலிலிருந்து ஒரு சங்குக்கூட்டை எடுத்து அதன் பக்கத்தில் போட்டாள்.

"ஏறிக்கோ. செத்த சங்கோட வீடுதான், ஆனா காக்கா கொத்தாது."

நண்டு வெட்கத்தோடு பின்பக்கமாக நுழைந்தது. கூட்டின் சுழிவுக்கு ஏற்றபடி உடம்பை வளைத்துக்கொண்டது. பிறகு எழுந்து நடந்தது! வீடும் கூடவே நடந்தது. சடையனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, இடிக்க வேண்டாம்," என்றார். ஆனாலும் தலைவர் அல்லவா, முழுசாகத் தோற்க மனசு வரவில்லை. "வாசல் மட்டும் தெருவைப் பார்க்கணும். ஊருக்கு முதுகு காட்டக் கூடாது."

"அப்போ இந்த வளைவு?"

"அடியில சுவர் வச்சு ஜன்னலாக்கிக்க. கடலைப் பார்த்துக்க."

பெரிய துளிகள் விழத் தொடங்கின. கடப்பாரையோடு வந்தவர்களே கல் சுமந்து, தெருப்பக்கம் இன்னொரு வளைவு எழுப்ப இசக்கிக்குக் கை கொடுத்தார்கள். அந்த மழையில் மண் வீடுகள் எல்லாம் வழக்கம்போலக் கரைந்தன. ஊரே உலகம்மையின் வீட்டுக்குள் ஒண்டியது. அத்தனை பேர் இரைச்சலுக்கும் மேலே கேட்டது, அப்போதுதான் பிறந்த அவள் மகளின் அழுகை.

தை பிறந்தது. எந்தக் கப்பல் வந்தாலும் கொண்டல்துறைக்காரர்கள் முதலில் கேட்டது, "உங்க ஊர்ல வீடு எப்படிக் கட்டுவாங்க?" என்பதுதான். தேக்குத் தூண் வந்தது, கூரை ஓடு வந்தது, வண்ணக் கண்ணாடி வந்தது, உருண்டைத் தூணும் உயரமான மாடமும் வந்தன. புதியது வந்தபோது பழையதை இடிக்கவில்லை. அதன் தோளிலேயே அடுத்த தளமாக ஏற்றி வைத்தார்கள்.

அன்று முதல்தான் கடற்கரைத் தென்னை, தான் வந்த வழியை மறைக்காமல், கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. நண்டு இரவல் கூட்டில் குடியிருந்து, காலடி கேட்டால் வெட்கப்பட்டு உள்ளே ஒளிகிறது. கொண்டல்துறை வீடுகள் தெருவுக்கு ஒரு வாசலும் கடலுக்கு ஒரு வளைந்த ஜன்னலும் வைத்து, தளத்துக்கு ஒரு தேசமாக நிமிர்ந்து நிற்கின்றன, நண்டைப் போல ஒளியாமல்.