மடைப் பலகை

“இதுவும் செத்துப்போச்சு தாயி” என்று சொல்லி, நல்லபெருமாள் சீட்டுக்கட்டு அளவே இருந்த அந்தக் கம்ப்யூட்டர் போர்டை மேசைமேல் வைத்தார். “மூணாவது கார்டு. உங்க வித்தையிலதான் ஏதோ கோளாறு.”

ஜெபக்கனி நிமிரவில்லை. ஒரு பழைய டிவியின் வயிற்றைத் திறந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. கடைத்தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அவருக்கு ஐம்பத்தேழு. ஆலங்குறிச்சிக் குளத்தின் நீர்பாய்ச்சி. அதாவது குளத்தின் ஏழு மடைகளையும் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. வயதில் பெரியவர் மாணவராகவும் சின்னவள் குருவாகவும் அமைந்துபோனதில் இருவருக்கும் வெட்கம் கிடையாது. ஊருக்குத்தான் சிரிப்பு.

அந்தக் குளத்தில் எந்த மடைக்கு எந்த நாள் தண்ணீர் என்பதைப் பிசான நெல் சாகுபடி தொடங்கும்போதே ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுவார்கள். அறுவடை வரை அதை மாற்றக்கூடாது. அன்றைய முறை யாருக்கு என்பது குளத்துப் பாசனச் சங்கக் கட்டடத்துக் கரும்பலகையில் இருக்கும். காலை ஏழு மணிக்கு நீர்பாய்ச்சி அந்தப் பலகைமுன் நின்று, மடையின் பேரை மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் திறக்கலாம்.

சாக்பீஸ் எழுத்து வேட்டி நுனி பட்டாலே அழிந்துபோகும். பெரிய மனிதர்களின் வேட்டி நுனி அந்தப் பலகையில் அடிக்கடி பட்டது. ஒவ்வொரு தடவையும் அழிந்தது கடைசி மடையான ஏழாம் மடையின் பேர்தான்.

அதனால்தான் டிவி வந்தது. கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்ட டிவி, அதன் முதுகில் இந்தப் போர்டு, போர்டுக்குள் நகத்தளவு மெமரி கார்டு. சீட்டுக் குலுக்கிய பட்டியலைக் கார்டில் ஏற்றிவிட்டால், அன்றைய மடையின் பேரும் மறுநாள் மடையின் பேரும் தானாகத் திரையில் வரும். எல்லாம் ஜெபக்கனியின் ஏற்பாடு.

“சாயங்காலம் எப்படி அணைக்கிய அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“மோட்டாரை அணைக்கிற மாதிரிதான். பியூஸைப் பிடுங்கிருவேன். நாள் பூரா ஓடுன மிஷினுக்கும் ஓய்வு வேணும்லா?”

அவள் ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். முழுப்பேரை எழுதச் சொன்னாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ‘நல்லபெரு’ வரை எழுதியிருப்பார். வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கினாள். பேனா கோணலாக இழுத்துக்கொண்டு போய்த் தாளின் ஓரம் கிழிந்தது.

“என்ன தாயி இது?”

“எழுதிக்கிட்டு இருக்கையில பிடுங்குனேன்.”

அவர் கிழிந்த தாளைப் பார்த்தார். பிறகு போர்டைப் பார்த்தார். இது காட்டுவதற்காக வைத்த சாமான்தானே, இது எதற்கு எழுதுகிறது என்று கேட்டார். எப்போது கண்விழித்தோம், எப்போது என்ன காட்டினோம் என்று ஓயாமல் குறித்துக்கொண்டே இருக்கும் என்றாள் அவள்.

“அப்ப நான் பிடுங்கக் கூடாது.”

“கரண்ட்காரங்க பிடுங்குவாங்களே.”

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பிடுங்கினாள். மறுபடி கொடுத்தாள், மறுபடி பிடுங்கினாள். நாலாவது தடவை நல்லபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளில் ஒரு கீறல்கூடப் புதிதாக விழவில்லை.

அன்றைக்குக் கார்டைப் பூட்டினாள். இனி அது காட்டும், எழுதாது. யார் வந்து எதை மாற்றினாலும், கரண்ட் போய் வந்தால் மாற்றியதை மறந்துவிட்டு, பூட்டும்போது இருந்ததையே காட்டும். நாள் தவறிப்போகாமலிருக்க, சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி போட்ட ஒரு குட்டிக் கடிகாரத்தையும் உடன் வைத்தாள். அடுத்த பிசானத்துக்குப் பட்டியல் மாற்றும்போது பூட்டைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு இருந்தது. பதினாலு எழுத்து. பொழுது சாய்கிற வரை அவரைத் திரும்பத் திரும்ப அடிக்கவைத்தாள்.

எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவள் தன் பையிலிருந்த பேனாவைத் தட்டிக் காட்டினாள்.

“எனக்கு எதுக்கு தாயி இந்தப் பாரம்? நீங்களே வச்சுக்கிடலாம்லா?”

“மடையைத் திறக்கிறது நானா அண்ணாச்சி?”

தை பிறந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் இன்னும் ஒரு மடை பாயத்தான் தண்ணீர் இருந்தது. முறைப்படி வியாழக்கிழமை ஏழாம் மடைக்கு. அங்கே நெல் பால் பிடிக்கிற பருவம். தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வெறும் பதர். நாற்பது குடும்பத்தின் ஒரு வருஷச் சோறு அந்த ஒரு முறையில் இருந்தது.

முதல் மடையில் பாதி வயல் சங்கத் தலைவர் கோமதிநாயகத்துடையது. அவர் வயல் ஏற்கெனவே நன்றாகக் குடித்திருந்தது. ஆனாலும் குளத்தில் தண்ணீர் கிடக்கும்போது அது வேறொருவர் வயலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பழக்கமில்லை.

புதன்கிழமை காலையில் தன் கணக்கரையும் ஒரு கீபோர்டையும் கூட்டிக்கொண்டு வந்தார். கணக்கர் தட்டினார். நாளைய முறை முதல் மடை என்று திரை பணிவாகக் காட்டியது. தலைவர் சிரித்தார். பத்து மணிக்குக் கரண்ட் போனது, பதினொன்றுக்கு வந்தது. நாளைய முறை ஏழாம் மடை என்றது திரை.

கணக்கர் மறுபடி மாற்றினார். நல்லபெருமாள் போய்ப் பியூஸைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். ஏழாம் மடை.

தலைவருக்கு விஷயம் புரிந்தது.

“பூட்டைத் திறவும்வே. நாளைக் காலையில பலகையில முதல் மடை இருக்கணும். இல்லேன்னா குளத்துக்கு வேற நீர்பாய்ச்சி வருவான்.”

மத்தியானம் நல்லபெருமாள் கடைக்கு வந்தபோது செருப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தார். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை, வேறு தொழில் தெரியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு சொல்லிரட்டுமா தாயி? வயசாயிட்டு. நம்புவாங்க.”

ஜெபக்கனி ஒரு கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அடித்தார். பதினாலு எழுத்தும் பிசகாமல் விழுந்தன.

“மறக்கலையே” என்றாள். மறுபடி வேலையில் குனிந்துகொண்டாள்.

முதல்முறையாக அவருக்கு அவள்மேல் கோபம் வந்தது. “உங்களுக்கென்ன, கடையில உக்காந்திருக்கிய. நாளைக்கு அங்க நிக்கப்போறது நான்.”

படியிறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் வாயால் சொன்னது முழு உண்மை. நாளைக்கு அங்கே நிற்கப்போவது அவர்தான்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு முன்பே சங்கக் கட்டடத்தின்முன் கூட்டம். ஏழாம் மடைக்காரர்கள், பெண்களும் ஆண்களுமாக, மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். டிவியில் ஏழாம் மடை என்று இருந்தது.

தலைவர் வந்தார். திரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்ததும் குரலில் தேன் தடவிக்கொண்டார்.

“பாஸ்வேர்டு மறந்துட்டீரோ? மறந்திருந்தா சொல்லிரும்வே. தப்பில்ல. டவுன்ல இருந்து ஆளைக் கூட்டியாந்து மாத்திக்கிடலாம். உமக்கும் வேலை போகாது.”

நேற்றுக் கடையில் அவர் தேடியதும் இதே பொய்தான். இப்போது தலைவரே அதைத் தட்டில் வைத்து நீட்டினார்.

“நல்லா ஞாபகம் இருக்கு மொதலாளி” என்றார் நல்லபெருமாள். “திறக்க மாட்டேன்.”

தலைவரின் முகம் கறுத்தது. விறுவிறுவென்று போய் வயர்களைப் பிடுங்கினார். போர்டிலிருந்து கார்டை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டிவி இருண்டது.

“இப்பப் பலகையில ஒண்ணும் இல்ல. பலகையைப் பாத்துச் சொல்லாம மடை திறக்கக் கூடாது. இது நம்ம குளத்து வழக்கம். இனி சங்கம் கூடித்தான் முடிவு பண்ணணும்.”

வழக்கத்தை மீறி அந்தக் குளத்தில் யாரும் மண்வெட்டியைத் தூக்கியதில்லை. கூட்டத்தில் ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சங்கத்துக் கடிகாரம் ஏழு அடித்தது.

நல்லபெருமாள் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றார். இருண்ட திரையில் அவர் முகம் தெரிந்தது. அதைப் பார்த்தார்.

“ஏழாம் மடை.”

முதல் தடவை குரல் சரியாக எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏழாம் மடை.”

மூன்றாவது தடவை சொன்னது குளக்கரை வரை கேட்டது. மூலையில் சாத்தியிருந்த மடைத் திருகுக் கம்பியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள்.

தலைவர் வாசலை மறித்தார். “எதைப் பாத்துவே சொன்னீரு? மாத்திச் சொல்லும்.”

நல்லபெருமாள் கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் சட்டைப்பையை விரலால் விரித்துக் காட்டினார். அதில் ஒன்றும் இல்லை.

“மாத்தி எழுத எங்கிட்ட பேனா இல்ல மொதலாளி. வழி விடுங்க.”